உயரமலை ஏரிப் பயணத்தில் என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

பல நாள் மலைநடையில் கோளாறு ஒருவர் மேல் தெரியும்; காரணம் பெரும்பாலும் குழுவிடம் இருக்கும். ஒருவருக்குத் தலைவலி என்றால் முந்தின நாள் எல்லோரும் சேர்ந்து அளவுக்கு மீறி ஏறியிருப்பார்கள். ஒருவருக்குக் கை விறைக்கிறது என்றால் கணவாய் உச்சியில் எல்லோரும் போட்டோவுக்காக அரைமணி நேரம் காற்றில் நின்றிருப்பார்கள். அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இவருக்கு இப்போது என்ன செய்வது? குழு எதை மாற்றிக்கொள்வது?

இன்னொன்று. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் குழுவில் எல்லோரும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் என்று யாரும் பெயர் வாங்க விரும்புவதில்லை. பதிலை விடுங்கள், ஆளைப் பாருங்கள். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் பக்கத்தில் நடப்பவர் கண்ணில் படக்கூடியவை.

தலை வலிக்கிறது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைக்கிறார்

2,500 மீட்டருக்கு மேல், வேறு காரணம் தெளிவாகத் தெரியாத எந்த உடல்கோளாறையும் உயரத்தால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு குமட்டல், அசதி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அது மலைநோய். புதிய உயரத்துக்கு வந்து 6 முதல் 12 மணி நேரத்தில் தொடங்குவது வழக்கம். அதனால்தான் மதியம் சிரித்துக்கொண்டே கேம்புக்கு வந்தவர் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சுருண்டு உட்கார்ந்திருப்பார். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிடாமல் இருப்பவர் கண்ணில் பட்டால், தலைவலிக்கிறதா என்று நேராகவே கேளுங்கள்.

அன்றைக்குத் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை என்றால் நிதானமாக ஒரு லிட்டர் குடிக்கச் சொல்லி, பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்துப் பாருங்கள். தலைவலி போய், வேறு தொந்தரவும் இல்லையென்றால் நல்லது. போகவில்லையென்றால் அடுத்த நாள் ஏற்றம் கிடையாது. அதே இடத்தில் தங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். தங்கியும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டியதுதான். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் மலைநோய் வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, உண்மையில்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவும் தலைவலியையும் குமட்டலையும் தரும், குழப்பம் இரட்டிப்பாகும்.

அசெட்டசோலமைடு மாத்திரை (தடுப்புக்கு வழக்கமாக 125 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை) உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். விரல் நுனி ஊசி குத்துவதுபோல் இருப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

குழு மாற்ற வேண்டியது: 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தூங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். பகலில் கணவாயைக் கடக்க எவ்வளவு மேலே போனாலும், கணக்கில் வருவது தூங்கும் உயரம்தான். இந்த அட்டவணையை முதல் நாளே மீறிவிட்டு மருந்தை நம்பிப் போகும் குழுக்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு போட்ட விரலிலும் அது தப்பான எண் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக நோயாளியை மேலே கூட்டிப் போகாதீர்கள்.

குடித்தவர்போல் தள்ளாடுகிறார், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது

இந்த இரண்டில் எதுவானாலும் மேலே படிப்பதை நிறுத்திவிட்டு இறங்கும் ஏற்பாட்டைப் பாருங்கள்.

தள்ளாட்டம் மூளை வீக்கத்தின் அடையாளம். சமதரையில் ஒரு கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் பெருவிரலைத் தொடும்படி நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தெம்பாக இருக்கும் ஒருவரையும் அதேபோல் நடக்கவைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சம்பந்தமில்லாமல் பேசுவது, விடாத தூக்கக் கலக்கம் இரண்டும் இதே கணக்கு.

மூச்சு வாங்குவது நுரையீரலில் நீர் கோப்பதால். பெரும்பாலும் புதிய உயரத்துக்கு வந்த 2 முதல் 4 நாளுக்குள் வரும். முதல் அடையாளம் மிகச் சாதாரணமாகத் தெரியும்: நேற்றுவரை முன்னால் நடந்தவர் இன்றைக்குப் பின்தங்குகிறார். பிறகு வறட்டு இருமல், பிறகு ஓய்விலும் மூச்சிரைப்பு, முற்றினால் இளஞ்சிவப்பு நுரையாகச் சளி. தலைவலி இல்லாமலேயே இது வரலாம் என்பதால் சளி, ஜலதோஷம் என்று தள்ளிவிடுவார்கள்.

இரண்டுக்கும் மருந்து இறக்கம்தான். உடனே, இரவானாலும் பாதை பாதுகாப்பாக இருந்தால், சுமார் 1,000 மீட்டர் வரையோ ஆள் தெளியும் வரையோ இறக்குங்கள். அவருடைய பையை மற்றவர்கள் தூக்க வேண்டும். நுரையீரல் பிரச்சினையில் உழைப்பும் குளிரும் நிலைமையை மோசமாக்கும். தனியாக அனுப்பவே கூடாது. ஆக்சிஜனோ டெக்சாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளோ கையில் இருந்து, கொடுக்கத் தெரிந்தவரும் இருந்தால் அவை இறங்குவதற்கு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவே.

தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது

பக்கத்தில் படுத்திருப்பவர் சில நொடி மூச்சே விடாமல் இருந்து, பிறகு வேகவேகமாக இழுப்பார். கேட்பவருக்குத்தான் தூக்கம் போகும். உயரத்தில் இது சகஜம். பகலில் அவர் தெளிவாக இருந்தால் பயமில்லை. 1991இல் உருவான லேக் லூயிஸ் மதிப்பெண் முறையில் தூக்கக்கேடும் மலைநோயின் ஓர் அறிகுறியாக இருந்தது; 2018 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மதுவும் தூக்க மாத்திரையும் மட்டும் வேண்டாம்.

தினமும் இருட்டிய பிறகுதான் கேம்ப் வந்து சேர்கிறோம்

கணக்கில் பிழை. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் தந்த விதி இன்றைக்கும் நல்ல தொடக்கம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 4 மணி நேரம். ஆனால் அது சுமை இல்லாத, உடல் தேறிய ஒருவருக்கான கணக்கு. பாரமும் மெல்லிய காற்றும் குழுவும் சேரும்போது அதை ஒன்றரை மடங்காக்கி, ஓய்வு நேரத்தைத் தனியாகக் கூட்டுவது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் அதே நாள் 7 மணி நேரத்தைத் தொடும். காலை 7 மணிக்குக் கிளம்பியே ஆக வேண்டும்.

குழு இரண்டாக உடைகிறது. கடைசி ஆள் எப்போதும் களைத்தே இருக்கிறார்

இதை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம். முன்னால் போனவர்கள் ஒரு பாறையில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் இளைப்பாறுகிறார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. இது நாளுக்கு ஐந்தாறு தடவை நடந்தால் மூன்றாம் நாள் அவர் உடைந்துபோவார். அவருக்குத் தெம்பில்லை என்று குழு முடிவுகட்டும்.

ஓய்வு நேரம் கடைசி ஆள் பையை இறக்கிய நொடியிலிருந்து தொடங்கட்டும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அவர் வேகம்தான் குழுவின் வேகம். சரியான வேகத்துக்கு அளவுகோல் எளிது: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அவர் பையிலிருந்து டென்ட் கம்பியையோ கேஸ் கேனையோ எடுத்து வேகமாக நடப்பவரின் பையில் போடுங்கள். ஒன்றரைக் கிலோ இடம் மாறினால் இருவரின் நடையும் ஒன்றுக்கொன்று நெருங்கிவரும். கடைசியில் வருவதற்கு அனுபவமுள்ள ஒருவரை நியமியுங்கள். அவரைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக்கூடாது. பாதை பிரியும் இடத்தில் முன்னால் போனவர் நின்றே ஆக வேண்டும். மேகமூட்டத்தில் குழு பிரிந்து வழி தவறும் கதைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பிரிவில்தான் தொடங்குகின்றன.

ஜிப்பைப் பிடிக்க விரல் வரவில்லை, பேச்சு குழறுகிறது

உடல் வெப்பம் இறங்குகிறது. இதற்குக் கடும்பனி தேவையில்லை. மழையில் நனைந்த உடையும் காற்றும் போதும். ஜாக்கெட் ஜிப்பை இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு அப்படியே திறந்து போட்டபடி நடப்பார். சும்மா தடுக்கி விழுவார். எதற்கும் சிடுசிடுப்பார். குளிர்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்.

நடுக்கம் இருக்கும்வரை நிலைமை கைமீறவில்லை. காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், அடியில் மேட் போட்டு உட்காரவையுங்கள் அல்லது படுக்கவையுங்கள். ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் நுழைத்து, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாதபடி டென்ட் ஷீட்டைச் சுற்றுங்கள். விழுங்க முடிந்தால் இனிப்பான பானமும் தின்பண்டமும் கொடுங்கள். நடுக்கத்துக்கு எரிபொருள் அதுதான். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள். தெளிந்ததும் உடனே நடக்கவிடாமல் அரைமணி நேரமாவது அப்படியே வைத்திருந்து கவனியுங்கள்.

நடுக்கம் நின்று ஆள் மங்கிக்கொண்டே போனால் அது தேறியதற்கு அடையாளம் ஆகாது, ஆபத்து கூடிவிட்டது. படுத்த நிலையிலேயே, குலுக்காமல், மிக மென்மையாகக் கையாளுங்கள். முரட்டு அசைவு இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். வெளியுதவியை அழையுங்கள்.

ஏரியில் குதித்தவர் மூச்சுத் திணறுகிறார்

பனி உருகி நிறைந்த ஏரியைப் பார்த்ததும் குழுவில் ஒருவராவது சட்டையைக் கழற்றுவார். அந்தத் தண்ணீரில் முதல் நொடியிலேயே தன்னையறியாமல் மூச்சை இழுப்பார். தலை நீருக்குள் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கித் தந்தார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் மட்டும், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். எனவே விழுந்தவர் முதல் நிமிடம் நீந்த முயலக்கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கட்டும், பிறகு கரைக்கு வரட்டும். கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்காமல் குச்சியையோ கயிற்றையோ நீட்டுங்கள். இறங்கியே தீர வேண்டும் என்றால் ஆழமில்லாத கரையில், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக நடந்து இறங்குங்கள்.

அடுப்புச் சுடர் சிணுங்குகிறது

கேன் காலியாகவில்லை, குளிர்ந்துவிட்டது. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன் ஏறக்குறைய மைனஸ் 12 வரை தாங்கும். புரோபேன் மைனஸ் 42 வரை. கலவையில் புரோபேன் முதலில் எரிந்து தீருவதால் பாதிக்கு மேல் தீர்ந்த கேன்தான் காலையில் மக்கர் செய்யும். இந்த வரிசையில் பாருங்கள்:

1. காற்று அடிக்கிறதா? பாறை மறைவுக்கு நகர்த்துங்கள். கேனையும் சேர்த்துச் சுற்றிலும் மூடுவதுபோல் தடுப்பு வைத்தால் கேன் சூடாகி வெடிக்கக்கூடும்.
2. கேனைத் தொட்டுப் பாருங்கள். மேலே உறைபனி படிந்திருந்தால், கையளவு தண்ணீர் ஊற்றிய தட்டில் கேனை நிறுத்துங்கள். உறையாத சாதாரணத் தண்ணீரே அதற்குப் போதுமான சூடு. நெருப்பில் காட்டவே கூடாது.
3. பொறி வரவில்லையா? உயரத்தில் அடுப்பின் பொத்தான் பல நேரம் வேலை செய்யாது. தனியாக லைட்டரும் நனையாத தீப்பெட்டியும் இருவேறு பைகளில் இருக்க வேண்டும்.

இரவில் கேனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் காலையில் இந்தப் பாடு பெருமளவு இல்லை. எவ்வளவு குளிரானாலும் மூடிய டென்டுக்குள் அடுப்பை ஏற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது தரும் தலைவலியையும் குமட்டலையும் மலைநோய் என்றே நினைத்துக்கொள்வீர்கள்.

சுடர் நன்றாக இருந்தும் பருப்பு வேகவில்லை என்றால் காரணம் வேறு: 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். நடக்கும்போதே பாட்டிலில் ஊறவையுங்கள், அல்லது பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். பெரிய குழுவுக்கு அந்த எடை வீண்போகாது. கிருமியைக் கொல்ல அந்தச் சூடு போதும். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

ஃபில்டரிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது

பால் கலந்ததுபோல் நீலமாகத் தெரியும் ஏரியின் அழகே ஃபில்டருக்குப் பகை. பனியாறு பாறையை அரைத்த மாவு அந்தத் தண்ணீரில் மிதக்கிறது. ஏரிக்குள் ஓடை நுழையும் இடத்தில் எடுக்காதீர்கள். ஏரி தெளிந்து வெளியேறும் முனையில் எடுங்கள். இரவு ஒரு பாத்திரத்தில் தெளியவைத்து, மேல்நீரைத் துணியில் வடித்து, அதன் பிறகு ஃபில்டருக்கு ஊற்றுங்கள். அடைத்துவிட்டால் ஊசிக்குழாயால் சுத்தமான தண்ணீரை எதிர்ப்பக்கமாக அழுத்துங்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: இரவு வெளியே விட்ட ஃபில்டர் காலையில் வழக்கம்போலவே ஓடும். உள்ளே ஈரமான இழைகள் உறைந்து வெடித்திருக்கலாம், கண்ணால் பார்த்துத் தெரியாது. உறைந்தது என்று சந்தேகம் வந்தாலே அதை நம்பாமல் கொதிக்கவைத்துக் குடியுங்கள். குளோரின் டைஆக்சைடு மாத்திரை நல்ல மாற்று. எல்லாக் கிருமிகளுக்கும் சேர்த்து 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

காலையில் டென்டின் உட்பக்கம் சொட்டுகிறது

ஓட்டை எதுவும் இல்லை, உங்கள் மூச்சுதான். ஏரிக்கரை ஒட்டிய பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும், ஈரமும் அதிகம். சற்று மேலே ஏறிக் கூடாரம் போட்டால் இரண்டும் குறையும். கரையிலிருந்து 60 மீட்டர், அதாவது எழுபது தப்படி, தள்ளி இருப்பது தண்ணீர் கெடாமல் இருக்கவும் வேண்டியது. கழிப்பிடத்துக்கும் அதே தூரம்தான் குறைந்தபட்சம். குளிருக்குப் பயந்து டென்டின் காற்றுவழியை அடைக்காதீர்கள்.

குதிகாலில் சுருக்கென்று எரிகிறது

எரிச்சல் தெரிந்த அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளமான பிறகு ஒட்டுவது சிகிச்சை. அதற்கு முன் ஒட்டுவதுதான் தடுப்பு. ஒருவருக்காக எல்லோரும் நிற்பதில் இங்கே முகம் சுளித்தால், நாளை அவரைத் தாங்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும்.

வரைபடத்தில் சின்ன ஓடை, நேரில் வெள்ளம்

மதியம் வந்திருப்பீர்கள். பனி உருகும் ஓடை அதிகாலையில் வற்றி, பிற்பகல் கடைசியில் உச்சத்துக்கு வரும். கேம்ப் போட்டுவிட்டு விடியலில் கடப்பது பெரும்பாலும் சரியான முடிவு. அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலும், குழுவிலேயே குள்ளமானவருக்குத் தொடையளவு இருந்தாலும் இறங்க வேண்டாம். நீர் பல கிளையாக அகன்று பிரியும் இடத்தைத் தேடுங்கள். இறங்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஷூவைக் கழற்றாதீர்கள். திடமானவர் நீரோட்டத்தை எதிர்கொண்டு முன்னால் நிற்க, மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நெருக்கமாக நின்று, எல்லோரும் ஒன்றாகப் பக்கவாட்டில் நகருங்கள். ஆளைக் கயிற்றில் கட்டாதீர்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடிக்குள்

மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கணவாய், மேடு, ஏரிக்கரை, தனி மரம் எல்லாவற்றையும் விட்டுத் தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள். ஒருவருக்கொருவர் நன்றாக இடைவெளி விட்டு நில்லுங்கள். ஒரே மின்னல் எல்லோரையும் சாய்த்தால் முதலுதவி செய்ய ஆள் இருக்காது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் கூடும் என்பதால் கணவாயை மதியத்துக்கு முன்பே கடந்துவிடுவதுபோல் நாளைத் திட்டமிடுங்கள்.

இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது

பகலில் பனிமேல் கண்ணாடி இல்லாமல் நடந்ததன் விளைவு, 6 முதல் 12 மணி நேரம் கழித்து. 1,000 மீட்டர் ஏற ஏறப் புறஊதாக் கதிர் 10 சதவீதம்போல் கூடும். புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணைக் கசக்காமல், குளிர்ந்த ஈரத்துணி போட்டு, இருட்டில் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் 1 முதல் 3 நாளில் தெளியும். அதுவரை அவரைக் கைப்பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். குழுவில் உபரியாக ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கட்டும்.

போன் 40 சதவீதத்தில் அணைந்துவிட்டது

பேட்டரி குளிர்ந்துவிட்டது. உடம்போடு ஒட்டி வைத்துச் சூடேற்றினால் திரும்ப வரும். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போட்டால் பேட்டரி நிரந்தரமாகக் கெடும். முதலில் சூடு, பிறகு சார்ஜ்.

உதவி கேட்க வேண்டும், சிக்னல் இல்லை

சாட்டிலைட் கருவி இருந்தால் வானம் திறந்த இடத்தில் வைத்து SOS அழுத்துங்கள். அழுத்திய பிறகு அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். கருவி இல்லையென்றால் கிளின்டன் டென்ட் 1894இல் முன்வைத்த மலை அபாயக் குறியீடு இன்றைக்கும் செல்லும்: விசிலோ டார்ச்சோ, ஒரு நிமிடத்தில் சம இடைவெளியில் 6 முறை, பிறகு ஒரு நிமிடம் அமைதி, மறுபடி 6. பதிலாக நிமிடத்துக்கு 3 வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். அதன் பிறகும் நிறுத்தாமல், அவர்கள் வந்து சேரும்வரை தொடருங்கள். உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

ஆள் அனுப்பித்தான் செய்தி சொல்ல வேண்டும் என்றால் இருவராக அனுப்புங்கள். இடம், நேரம், எத்தனை பேர், அடிபட்டவரின் நிலை, கொடுத்த மருந்து, கையிருப்பு உணவு எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்; களைத்து இறங்குபவரின் ஞாபகத்தை நம்ப முடியாது. நோயாளியோடு குறைந்தது ஒருவர் தங்க வேண்டும்.